கேள்வியை இறுக்குவதா, விடையை விரிப்பதா?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயில் மண்டபத்தில் இளையோருக்காக ஆண்டுதோறும் பொது அறிவுப் போட்டி நடக்கிறது. அதற்குக் கேள்வி எழுதும் பொறுப்பு ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இந்த ஆண்டு டோங்காட்டில் அதே போன்ற போட்டியைத் தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர், விடை குறித்த தகராறுகளை நாங்கள் எப்படித் தவிர்க்கிறோம் என்று கேட்டார். நான் இதுவரை மூன்று முறைகளைக் கையாண்டிருக்கிறேன். ஒரு கேள்விக்கு ஒரே விடை என்று அட்டையில் எழுதி அதிலேயே உறுதியாக நிற்பது முதல் முறை. ஏற்கத்தக்க விடைகள் அனைத்தையும் பட்டியலிட்டு நடுவர் கையில் கொடுப்பது இரண்டாவது. ஒரு விடைக்கு மேல் இடமில்லாதபடி கேள்வியின் சொற்களையே வரையறுத்து எழுதுவது மூன்றாவது. இப்போது மூன்றாவது முறைக்கு ஏறக்குறைய முழுமையாக மாறிவிட்டேன் என்பதால், இங்கே அதற்கே அதிக இடம் தரப்போகிறேன்.

முதல் முறையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ‘தென் ஆப்பிரிக்காவின் தலைநகர் எது?’ என்ற ஒரே கேள்வி அதை முடித்துவைத்தது. அட்டையில் பிரிட்டோரியா என்று எழுதியிருந்தேன். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கேப் டவுன் என்றாள், மதிப்பெண் கிடைக்கவில்லை. அந்த ஒரு மதிப்பெண்ணால் அவளுடைய அணி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. போட்டி முடிந்ததும் அவளுடைய தாத்தா என்னிடம் வந்து, “தம்பி, நாடாளுமன்றம் எந்த ஊரில் கூடுகிறது?” என்று மட்டும் கேட்டார். அரசு நிர்வாகம் பிரிட்டோரியாவிலும், நாடாளுமன்றம் கேப் டவுனிலும், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபொன்டெய்னிலும் இருக்கின்றன. அரசியலமைப்பு நீதிமன்றமோ ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது. அரசியலமைப்பின் 42ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் இருக்கை கேப் டவுன் என்று சொல்கிறதே தவிர, எந்த நகரத்தையும் நாட்டின் தலைநகர் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே பிழை சிறுமியின் விடையில் இல்லை, ‘எது’ என்று ஒருமையில் நான் கேட்டதில்தான் இருந்தது. ‘எவை’ என்று கேட்டிருந்தால் அவள் பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்ஃபொன்டெய்ன் ஆகிய மூன்றையும் சொல்லியிருப்பாள் என்றே இன்றும் நம்புகிறேன்.

அடுத்த ஆண்டே பட்டியல் முறைக்குப் போனேன். அதன் நன்மைகளை மறைக்க விரும்பவில்லை. பெயர்கள் சம்பந்தப்பட்ட இடத்தில் அதற்கு இணையான வேறு வழி கிடையாது. 1893ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று காந்தி எந்த ரயில் நிலையத்தில் வண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார் என்று கேட்டால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று முழுமையாகச் சொல்பவர்களும் உண்டு, வீட்டில் பழகியபடி மாரிட்ஸ்பர்க் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் ஏற்கத்தான் வேண்டும். போர்ட் எலிசபெத் நகருக்கு 2021இல் கெபேர்ஹா என்ற கோசா மொழிப் பெயர் அதிகாரபூர்வமானது. நாக்கைச் சொடுக்கி ஒலிக்கும் அந்த முதல் எழுத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எந்த ஒலிப்பு வரை ஏற்கலாம் என்பது நடுவரின் மேசையில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் அங்கே சண்டைக்கு வழியில்லை.

ஆனால் பெயர்களைத் தாண்டியவுடன் பட்டியல் வேறு விதமாக வளரத் தொடங்குகிறது. யாராவது முறையிடும் ஒவ்வொரு முறையும், அமைதி கருதி ஒரு வரி கூடுதலாகச் சேர்கிறது. அப்படிச் சேர்பவற்றில் சரியான விடைகளோடு பரவலான தவறுகளும் நுழைந்துவிடுகின்றன. தில்லையாடி வள்ளியம்மை பிறந்த ஊர் எது என்ற கேள்விக்கு என் பழைய பட்டியலில் ஜோகன்னஸ்பர்க், தில்லையாடி ஆகிய இரண்டும் இருந்தன. தில்லையாடி அவருடைய பெற்றோரின் ஊர். அவர் 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறாம் வயதில் இந்த மண்ணிலேயே இறந்தவர். நம் பிள்ளைகள் அவரை வேறொரு நாட்டிலிருந்து வந்தவராக நினைக்கும்படி ஒரு விடையை நானே ஏற்றுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இதைவிட ஆழமானது 1860 பற்றிய கேள்வி. தென் ஆப்பிரிக்காவுக்கு இந்தியர்கள் முதன்முதலில் வந்த ஆண்டு எது என்று கேட்டால், மண்டபத்தில் உள்ள அனைவரும் 1860 என்பார்கள். அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்வெடேர் வந்தது. ஆனால் அதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மக்களை அடிமைகளாகக் கேப் டவுன் இருக்கும் கேப் பகுதிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பட்டியலில் எத்தனை ஆண்டுகளை அடுக்கினாலும் இந்தக் கேள்வி சரியாகாது. ‘ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்கு’, அதாவது டர்பன் இருக்கும் பகுதிக்கு, என்ற சொற்களைக் கேள்வியில் சேர்த்தால் 1860 என்பது ஐயமற்ற விடையாகிறது. முன்னால் வந்த அடிமைகளையும் நாம் இல்லாதவர்களாக்கவில்லை.

இவையெல்லாம் இருந்தும் பட்டியலை நான் விடவில்லை. கடைசியில் விட வைத்தது அதன் பராமரிப்பு. எந்த முறை என்பதை முடிவு செய்வது அது ஒன்றுதான் என்பது என் அனுபவம். புதிதாகத் தொடங்கும் எவரும் அதை முதலில் எண்ணிப் பார்ப்பதில்லை.

கேள்விகள் ஓர் ஊரில் தங்குவதில்லை. என் கோப்பில் நானூறுக்கும் மேற்பட்ட கேள்விகள் உள்ளன. பீனிக்ஸ், ஸ்டேங்கர், மாரிட்ஸ்பர்க் என்று யார் கேட்டாலும் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு 11 ஆட்சிமொழிகளை அங்கீகரித்தது. 2023 ஜூலையில் தென் ஆப்பிரிக்கச் சைகை மொழி 12ஆவதாகச் சேர்ந்தது. என் கோப்பில் உடனே திருத்திவிட்டேன். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த நகலை வைத்து அந்தச் செப்டம்பரில் வேறொரு மண்டபத்தில் போட்டி நடந்தபோது, 12 என்று சொன்ன சிறுவனின் விடை தவறென்று தள்ளப்பட்டது. பட்டியலில் 11 மட்டுமே இருந்ததால் நடுவருக்கும் வேறு வழியில்லை. செய்தியைக் கவனித்துப் படித்த பிள்ளைக்கு அதற்கே தண்டனை கிடைத்தது.

அன்று முதல் ஒவ்வொரு கேள்வியையும் அதன் ஆயுள் எவ்வளவு என்று பார்த்தே எழுதுகிறேன். ‘ஆட்சிமொழிகள் எத்தனை?’ என்பதற்கு என்றைக்கும் காவல் தேவை. ‘1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு தொடக்கத்தில் எத்தனை ஆட்சிமொழிகளை அங்கீகரித்தது?’ என்பதற்கும், ‘2023ஆம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவின் 12ஆவது ஆட்சிமொழியான மொழி எது?’ என்பதற்கும் காவலே தேவையில்லை. எந்த நகலில் எந்த ஆண்டு வாசித்தாலும் விடை மாறாது. 2006இல் புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டதும், 2018இல் சுவாசிலாந்து எஸ்வாட்டினி ஆனதும் என் பட்டியல்களில் ஒவ்வொரு ஆண்டும் வேலை வைத்தவை. அவற்றை நிகழ்ந்த ஆண்டோடு சேர்த்துக் கேட்கத் தொடங்கிய பிறகு அந்த வேலை நின்றுவிட்டது. (ஆட்சிமொழிகளைச் சொல்லும் 6ஆம் பிரிவிலேயே, மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது, இதையும் ஒரு கேள்வியாக்குங்கள் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.)

வரையறுப்பதற்குப் பெரிய புலமை தேவையில்லை. டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரம் எது என்றால், லெசோத்தோவிலுள்ள 3,482 மீட்டர் உயரமான தபானா என்ட்லென்யானா. தென் ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரம் எது என்றால், 3,450 மீட்டர் உயரமான மஃபாடி. முதல் அதிபர் யார் என்ற கேள்வியும் அப்படித்தான். 1961 மே 31 அன்று நாடு குடியரசானபோது பொறுப்பேற்றவர் சார்ல்ஸ் ஸ்வார்ட். 1994இல் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தலுக்குப் பின் பொறுப்பேற்றவர் நெல்சன் மண்டேலா. நான் எழுதிய கேள்வியை விடையின்றி இருவரிடம் கொடுத்து, இரண்டாவது சரியான விடை ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் விடையைக் கூட்டுவதில்லை, கேள்வியையே திருத்துகிறேன்.

தமிழில் இந்த முறைக்கு இயல்பான ஒரு வசதியும் உண்டு. நம் வாக்கியத்தில் வரையறைகள் முன்னால் வந்து, வினாச்சொல் கடைசியில் நிற்கிறது. அவசரப்பட்டு மணியை அழுத்தும் பிள்ளையின் காதிலும் ஆண்டும் இடமும் முதலிலேயே விழுந்துவிடுகின்றன. அதே கேள்வியை நாங்கள் ஆங்கிலத்தில் இரண்டாம் முறை வாசிக்கும்போது வரையறை வால்போல் பின்னால் வருவதால், பாதியிலேயே மணி ஒலித்து விடை பிசகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. கேள்வி நீளுகிறது, வார இறுதி வகுப்பில் மட்டும் தமிழ் கற்கும் பிள்ளைகளுக்கு நீண்ட தமிழ் வாக்கியம் சுமைதான். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நான் போட்டி நடத்தியதில்லை. அவர்களுக்குச் சிறிய கேள்வியும் தாராளமான பட்டியலும் பொருத்தமாக இருக்கலாம். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் முறையை ஒரே ஒரு முறை முயன்றிருக்கிறேன் என்பதால், அதைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பெயர்களின் ஒலிப்பு வேறுபாடுகளுக்குச் சிறு பட்டியலை இன்றும் நடுவரிடம் கொடுக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ‘தமிழில் எழுத்துகள் எத்தனை?’ என்பதற்குப் பள்ளியில் கற்றபடி 247 என்பார்கள். தொல்காப்பியத்தின் கணக்கில் முதலெழுத்துகள் 30, சார்பெழுத்துகள் 3. ‘உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் அனைத்தும் சேர்த்து’ என்று வரையறுத்தால், 12, 18, 216, 1 என்று கூட்டிச் சொல்லிவிடலாம். அது வெறும் கணக்காகிவிடுகிறது. வரையறுக்காவிட்டால் தொல்காப்பியம் படித்த பிள்ளை தோற்றுவிடும். இரண்டுக்கும் மனம் ஒப்பாததால், இந்த ஆண்டுத் தாளிலும் அதைச் சேர்க்கவில்லை.