92 சிசி செயின்சா கிட்: இரும்பு தேறும், ரப்பரை நம்ப வேண்டாம்

ஸ்டில் (Stihl) கம்பெனியின் 066, எம்எஸ் 660 மாடல்களைப் பார்த்து அப்படியே செய்த, நாமே கோர்த்துக்கொள்ள வேண்டிய மரம் அறுக்கும் மெஷின் கிட் இது. கிராங்க் கேஸ், கிராங்க், 54 மி.மீ. சிலிண்டர், பிஸ்டன், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில், கார்புரேட்டர், கைப்பிடி, கடைசி ஸ்க்ரூ வரை எல்லாம் தனித்தனிப் பாக்கெட்டில் வருகிறது, அறுக்கும் செயினும் அது ஓடும் பாரும் மட்டும் நாம் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். கோர்ப்பது எப்படி என்று ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்த மூன்றும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும்தான். போன இரண்டும் பெட்ரோல் போகிற வழியில் உள்ள ரப்பருக்கும் கார்புரேட்டருக்கும்.

கோர்த்து முடிப்பது பெரிய வேலை இல்லை, பொறுமை இருந்தால் போதும். அதன்பின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றும் மெஷின் மூச்சே விடாமல் உட்கார்ந்திருக்கும் பாருங்கள், கிட் வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கேதான் வெறுத்துப் போகிறார்கள். உடனே கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்காதீர்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அதற்கு முன் பொறி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளக்கின் இரும்புப் பகுதி சிலிண்டரைத் தொட்டிருக்க, பெட்ரோலும் பிளக் துளையும் தள்ளி இருக்க, கயிற்றை இழுக்க வேண்டும். பொறி இல்லையென்றால் முதல் சந்தேகம் கில் வயர் மீது, அதாவது எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்சுக்கும் காயிலுக்கும் இடையே போகும் வயர். இந்த வயர் நீளமாகவே வருகிறது, மூடியைப் போடும்போது எங்காவது ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கி பாடியைத் தொட்டுவிடும், அப்புறம் சுவிட்ச் ஆஃப் செய்ததற்குச் சமம்தான். காயிலிலிருந்து அந்த வயரைப் பிரித்துவிட்டுப் பொறி வந்தால் காயில் நல்லது, வயர்தான் தகராறு. காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி போதும், தடிமனான விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிவிட்டு ஸ்க்ரூவை இறுக்கினால் சரியாக வரும். ஃப்ளைவீல் உட்காரும் கூம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நன்றாகத் துடையுங்கள். அங்கே ஃப்ளைவீல் நழுவி, அதைக் கிராங்கோடு பிடித்து வைக்கும் குட்டி இரும்புச் சாவி அறுந்தால் பொறி வரும், நேரம் தப்பி வரும், கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடும்.

சரி, பொறி இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது. கார்புரேட்டர் வாயில் எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சில சொட்டு விட்டு இழுங்கள். இரண்டு மூன்று தடவை பட்பட்டென்று அடித்துவிட்டு நின்றால் எஞ்சின் நல்லது, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. இந்தக் கிட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒவ்வொரு இடமாகப் போக வேண்டும். கிட்டோடு வந்த பெட்ரோல் டியூபை விரலில் வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள், வளைவின் வெளிப்பக்கத்தில் மயிரிழை போல விரிசல் தெரியும், டேங்க் துளையில் செருகுகிற தடித்த பகுதியில் வார்ப்புப் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்குப் புதுசு, ஆனால் உறிஞ்சும்போது பெட்ரோலுக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கிறது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அசல் கம்பெனி டியூபும் ஃபில்டரும் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். இம்பல்ஸ் டியூபும் அதே ரகம். கிராங்க் கேஸில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பு அந்தக் குட்டி டியூப் வழியாகத்தான் கார்புரேட்டரில் பெட்ரோலை இழுக்கும் மெல்லிய சவ்வான பம்ப் டயாஃப்ரத்துக்குப் போகிறது, அது கழன்றாலோ மடிந்தாலோ டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் ஒரு சொட்டு மேலே ஏறாது. பின்பக்க மூடிக்குள் ஒளிந்திருப்பதால் பலர் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்து கார்புரேட்டர். புதுசுதானே என்று விட்டுவிடாதீர்கள், கிட்டோடு வந்ததைத் திறந்தால் உள்ளே அலுமினியத் தூள் பளபளக்கிறது. பம்ப் பக்கத்தில் சின்ன வட்ட வலை ஒன்று இருக்கும், அது அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். மறுபக்கம் உள்ளே வரும் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் டயாஃப்ரம், அதன் கீழே பெட்ரோல் வழியை அடைக்கும் ஊசியைத் தூக்கும் குட்டி நெம்புகோல். பல கார்புரேட்டர்களில் இந்த நெம்புகோல் அறையின் தளத்தோடு சமமாக இருக்க வேண்டும், சின்ன ஸ்கேலை மேலே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தாழ்ந்திருந்தால் பட்டினி, உயர்ந்திருந்தால் பெட்ரோல் பொங்கும். கேஸ்கெட் வரிசையும் முக்கியம்: மீட்டரிங் பக்கத்தில் பாடியை ஒட்டி முதலில் கேஸ்கெட், பிறகு டயாஃப்ரம். பம்ப் பக்கத்தில் பொதுவாக இது தலைகீழ். கிட்டில் இது மாறிப் போட்டே வரலாம், ஆகவே கம்பெனியில் கோர்த்ததுதானே என்று நம்பாமல் பிரித்துப் பாருங்கள். அழுத்தமானி உள்ள கைப் பம்ப் இருந்தால் பெட்ரோல் வரும் குழாயில் 0.7, 0.8 பார் ஏற்றிப் பாருங்கள், முள் அப்படியே நின்றால் ஊசி சரியாக உட்கார்ந்திருக்கிறது.

பிளக் சொதசொதவென நனைந்திருந்தால் கதை வேறு. சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் எந்த மெஷினும் பெட்ரோலில் முங்கும்தான், முதல் முறை பட்டென்று ஒலித்ததும் சோக்கை எடுத்துவிட வேண்டும். முங்கிவிட்டால் பிளக்கைக் கழற்றி, கில் சுவிட்ச்சை ஆஃப் செய்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கிக்கொண்டு கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். சோக் போடாமலே மறுபடி மறுபடி முங்கினால் ஊசியில் குப்பை, இல்லை நெம்புகோல் உயரம். கயிற்றை இழுப்பது சுலபமாக சிலிண்டர் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் டிகம்ப்ரஷன் வால்வையும் ஒரு பார்வை பாருங்கள், கிட்டில் வருவது மூடிய பிறகும் கசிகிறது. அதை எடுத்துவிட்டு அதற்கென விற்கும் அடைப்பான் திருகியைப் போட்டுவிடலாம், இழுக்கக் கை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் திணறி அணைந்தால், உடனே டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போகிறதா? டேங்குக்குள் காற்றை விடும் வென்ட் அடைத்திருக்கிறது. சின்னப் பாகம், மாற்றிவிடலாம்.

ஐடிலிங் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்குவது, ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் குறையாமல் அலறுவது, இந்த இரண்டும்தான் ஆபத்து. எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டி இதைச் சமாளித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஓட்டினால் எரிபொருளும் அதோடு கலந்த எண்ணெயும் போதாமல் பிஸ்டன் சைலன்சர் பக்கம் கோடு கோடாக உரிந்துவிடும். கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குள் போகும் இன்டேக்கையும் சைலன்சர் துளையையும் அடைத்து, 0.5 பார் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள், பிறகு அதே அளவு வெற்றிடமும் இழுத்துப் பாருங்கள். இரண்டும் தேவை, ஏனென்றால் கிராங்க் முனைகளில் உள்ள ரப்பர் ஆயில் சீல் அழுத்தத்தைத் தாங்கிவிட்டு வெற்றிடத்தில் உதடு விலகிக் காற்று விடும். அழுத்தம் ஏற்றியிருக்கும்போது சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடம் குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் தடவாமல் சீலைக் காய்ந்தபடியே செருகினால் உதடு கிழியும், இதையும் சொல்லிவிடுகிறேன்.

கசிவுக்கு இன்னொரு பிடித்தமான இடம் இன்டேக் பூட், கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய். டேங்க் பாடியின் துளைக்குள் அதன் உதடு மடிந்து மாட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உதட்டின் பின்னால் சணல் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் துளை வழியாக வெளியே எடுத்து மெதுவாக இழுத்தால் உதடு தானாக வெளியே பிதுங்கி உட்காரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ரப்பர் கிழியும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் டியூனிங். கார்புரேட்டரில் அதிக வேகத்துக்கான எச் (H), குறைந்த வேகத்துக்கான எல் (L) ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக மூடி, ஒரு சுற்றுத் திறந்து தொடங்குங்கள். எச்சைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்: சும்மா முழு வேகத்தில் விட்டால் குரல் லேசாகக் குளறும், மரத்தில் வைத்து அறுக்கும்போது தெளியும், அதுதான் பதம். பெட்ரோல் புதியதாக இருக்கட்டும், லிட்டருக்கு 25 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய், அதாவது 40:1. எத்தனால் கலந்த பெட்ரோலை டேங்கிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் டயாஃப்ரம் விறைத்துப்போகும்.

விற்பனையாளரின் சேவையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. விரிசல் விட்ட டியூபைப் படம் எடுத்து அனுப்பினேன், வருத்தம் தெரிவித்து வேறு டியூப் அனுப்பினார்கள், அதிலும் அதே இடத்தில் அதே விரிசல்.

இரும்பு மட்டும் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. சிலிண்டர் போர்ட் ஓரங்களில் பிசிறை மட்டும் தடவிப் பாருங்கள், பேரிங்குகள் சத்தமில்லாமல் சுற்றுகின்றன. வாங்குவதென்றால் பெட்ரோல் டியூப், ஃபில்டர், இம்பல்ஸ் டியூப், ஆயில் சீல், இன்டேக் பூட், நல்ல பிளக், இந்த ஆறையும் கிட்டோடு சேர்த்தே ஆர்டர் போடுங்கள். சூடான பிறகு நிறுத்தினால் திரும்பப் பிடிக்காமல் ஆறிய பின் மட்டும் பிடிக்கிறது என்றால் ஏழாவதாகக் காயிலும்.