டெங்குவும் ஏற்பு ஊசியும்: எதிரியைக் காட்டும் இரண்டு பாதைகள்

மாரி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்குப் பயமும் வந்துவிடும். வேலி அடைக்கும்போது கறள் பிடித்த கம்பி கிழித்தால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட ஓடுவோம். இரண்டிலும் எதிரியின் புரதத் துண்டை யாராவது நோயெதிர்ப்புக் கலங்களான ரி கலங்களுக்குக் காட்டியாக வேண்டும். ஆனால் காட்டும் பாதை வேறு.

டெங்கு வைரஸ் கலத்துக்குள் புகுந்து தன் புரதங்களை அங்கேயே செய்விக்கிறது. எதிரியைப் பற்றிக்கொள்ளும் புரதமான பிறபொருளெதிரி கலத்துக்குள் போகாது. ஆகவே தொற்றிய கலமே தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். கலத்தின் புரத வெட்டியான புரோட்டியசோம் அந்தப் புரதங்களை நறுக்கும். டாப் என்ற கடத்தி துண்டுகளைக் கலத்துக்குள் உள்ள அகமுதலுருச் சிறுவலை என்ற சவ்வு அறைக்குள் தள்ளும். அங்கே, துண்டைத் தாங்கிக் காட்டும் எம்.எச்.சி. வகுப்பு 1 மூலக்கூறு, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமில நீளமுள்ள துண்டொன்றைப் பிடித்துக்கொண்டு கலத்தின் மேற்பரப்புக்கு வரும். கொல்லும் வகையான சி.டி.8 ரி கலம் அதைக் கண்டுகொண்டால் அந்தக் கலத்தையே கொன்றுவிடும். கருவுள்ள கலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு.

ஏற்பு ஊசியில் இருப்பது நச்சுத்தன்மை நீக்கிய நச்சுப்புரதம். அது கலத்துக்கு வெளியே கிடப்பது. அதற்காக ஒரு கலத்தைக் கொல்லத் தேவையில்லை, பிறபொருளெதிரி உருவானால் போதும். டென்ட்ரிட்டிக் கலம், மக்ரோபேஜ், பி கலம் ஆகிய நோயெதிர்ப்புக் கலங்கள் அதை உள்வாங்கி, அமிலப் பைக்குள் நறுக்கி, வகுப்பு 2 மூலக்கூறில் ஏற்றி, உதவும் வகையான சி.டி.4 ரி கலத்துக்குக் காட்டும். அதன் உதவியோடு பி கலம் பிறபொருளெதிரி செய்யும் வேலையைத் தொடங்கும்.

சரி, வகுப்பு 2 மூலக்கூறும் அதே சிறுவலையில்தானே உருவாகிறது? அங்குள்ள துண்டுகள் ஏன் அதில் ஏறுவதில்லை? மாறாச் சங்கிலி என்ற புரதம் அதன் பள்ளத்தை அடைத்தபடி அமிலப் பை வரை கூடவே வருகிறது. அங்கே சங்கிலி வெட்டுப்பட்டு, கிளிப் என்ற சிறு துண்டு மட்டும் மிஞ்சும். எச்.எல்.ஏ.-டி.எம். என்ற புரதம் அதையும் கழற்றிவிட்ட பிறகுதான் எதிரியின் துண்டுக்கு இடம் கிடைக்கும். உயிரியல் படிக்கிற பிள்ளைகள் இரு வகுப்புகளையும் பாடமாக்குகிறார்கள். இந்த ஒரு படி விளங்கினால் பாடமாக்க அதிகம் இருக்காது.

எது மேல் என்றால், நச்சுக்கு வகுப்பு 2 போதும். கலத்துக்குள் ஒளிந்த வைரஸைப் பிடிக்க வகுப்பு 1 வேண்டும். ஹேர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் டாப் கடத்தியையே அடைப்பது அதனால்தான். அப்படி வகுப்பு 1 குறைந்துபோன கலங்களை இயற்கைக் கொல்லிகளான என்.கே. கலங்கள் தாக்கும்.

இந்தப் பிரிவினைக்குள் அடங்காதது டென்ட்ரிட்டிக் கலம். வெளியிலிருந்து விழுங்கியதை அது வகுப்பு 1 இலும் ஏற்றிக் காட்டும். ஆகவே தனக்கே தொற்றாத வைரஸுக்கு எதிராகவும் சி.டி.8 கலங்களைத் தயார்ப்படுத்த அதனால் முடிகிறது.