இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர்? கிளவுட்கம்பேர் மென்பொருள் குறித்து

ஒரே தாங்குசுவரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை லேசர் ஸ்கேன் செய்து, சுவர் நகர்ந்திருக்கிறதா, நகர்ந்திருந்தால் எவ்வளவு என்று சொல்ல வேண்டிய பணி வந்தபோதுதான் கிளவுட்கம்பேரை முழுமையாகப் பயன்படுத்தத் தொடங்கினேன். பிரான்ஸைச் சேர்ந்த டானியல் ஜிரார்தோ-மோந்தோ தம் முனைவர் பட்ட ஆய்வின்போது எழுதத் தொடங்கிய இம்மென்பொருள், இன்று ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. புள்ளித்திரள்களை, அதாவது ஸ்கேன் பதிவுசெய்யும் முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்புகளை, ஒப்பிடுவதற்கென்றே பிறந்தது என்பது அதன் வேகத்தில் தெரிகிறது. கனசதுரத்தை எட்டெட்டாகப் பிரித்துக்கொண்டே போகும் ஆக்ட்ரீ அமைப்பில் புள்ளிகளை வகைப்படுத்தி வைத்துக்கொள்வதால், பெரிய கோப்புகளிலும் அருகிலுள்ள புள்ளியை விரைவாகக் கண்டுபிடித்துவிடுகிறது.

எல்லோரும் முதலில் அழுத்துவது திரளுக்கும் திரளுக்குமான தொலைவு காணும் பொத்தானைத்தான். ஒரு திரளை ஒப்பிடப்படுவதாகவும் மற்றதை அடிப்படையாகவும் குறித்தால், முதல் திரளின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடிப்படைத் திரளில் மிக அருகிலுள்ள புள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணித்து, வண்ணம் பூசிக் காட்டிவிடும். படம் அழகாக இருக்கும்; ஆனால் அது அளப்பது புள்ளிகளின் இடைவெளியை, சுவரின் நகர்வை அன்று.

அடிப்படைத் திரளில் புள்ளிகள் 5 சென்டிமீட்டர் சதுரக் கட்டங்களாக இருப்பதாகக் கொள்வோம். சுவர் அசையாவிட்டாலும், ஒரு கட்டத்தின் நடுவில் விழும் புதிய புள்ளிக்கு 3.54 சென்டிமீட்டர் என்ற விடை வரும். சுவர் உண்மையிலேயே 1 சென்டிமீட்டர் முன்னே வந்திருந்தால் அதே இடத்தில் 3.67 வரும், நாம் தேடும் 1 சென்டிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. அருகிலுள்ள புள்ளிகளின் மேல் ஒரு தளத்தையோ இருபடிப் பரப்பையோ பொருத்தும் தேர்வு இக்குறையைப் பெரிதும் தணிக்கிறது என்றாலும், சுவர் முன்னே வந்ததா பின்னே போனதா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

அதனால் நான் நம்புவது எம்3சி2 என்னும் செருகுநிரலை. லாக், புரோடு, லெரூ ஆகியோர் நியூசிலாந்தின் ரங்கிட்டிகி ஆற்றுப் பள்ளத்தாக்குத் தரவுகளைக் கொண்டு 2013இல் வெளியிட்ட இம்முறை, பரப்புக்குச் செங்கோணமான திசையில் (செங்குத்துத் திசை) ஓர் உருளையை நீட்டி, அதற்குள் அகப்படும் இரு திரள்களின் புள்ளிகளுக்கும் தனித்தனியே சராசரி கண்டு, அச்சராசரிகளுக்கு இடையேயான தொலைவைக் குறியுடன் தருகிறது. புள்ளிகளின் சிதறலையும் எண்ணிக்கையையும் கொண்டு, கண்ட மாற்றம் 95 விழுக்காடு நம்பகத்துடன் உண்மையானதா என்றும் புள்ளிக்குப் புள்ளி குறித்துவிடும். செங்குத்துத் திசையைக் கணிக்கும் அளவு, பரப்பின் சொரசொரப்பைப் போல் 20 முதல் 25 மடங்கு இருக்க வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. கருங்கல் சுவரில் இதைக் குறைத்துவைத்தால் ஒவ்வொரு கல்லும் ஒரு திசை பார்க்கும். இரு ஸ்கேன்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தியதில் உள்ள பிழையைப் பயனரே உள்ளிட வேண்டும். அதைப் பூஜ்ஜியமாக விட்டால் சாதாரணப் பொருத்தப் பிழைகூட நகர்வாகத் தோன்றும்.

குறைகளும் உண்டு. கோப்பைத் திறக்கும்போது ஆயங்களை, அதாவது புள்ளிகளின் இடத்தைக் குறிக்கும் எண்களை, நகர்த்தவா என்று மென்பொருள் கேட்பதைப் பலர் படிக்காமலே மறுத்துவிடுகிறார்கள். யுடிஎம் என்னும் நிலவரைபட ஆயமுறையில் சென்னைப் பகுதியின் வடக்கு ஆயம் 14 லட்சம் மீட்டருக்கு மேல். 32 பிட் எண்ணில் அந்த அளவில் 12.5 சென்டிமீட்டருக்கும் நுண்ணிய வேறுபாடு நிற்காது என்பதால், மறுத்தவரின் சுவர் படிக்கட்டாகிவிடும். இத்தனை முக்கியமான கேள்விக்கு அந்தச் சாளரம் தரும் விளக்கம் போதாது. செய்ததைத் திரும்பப் பெறும் வசதியும் பெரும்பாலான செயல்களுக்கு இல்லை. அருகருகே உள்ள புள்ளிகளை இணைத்துப் படிப்படியாக நெருக்கும் ஐசிபி முறையில் திரள்களைப் பொருத்தும்போது அசைந்த பகுதியையும் சேர்த்துவிட்டு, நகர்வு முழுவதும் சுவரெங்கும் பகிர்ந்து கரைந்ததை ஒருமுறை கண்டேன். அசையாத அடித்தளத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பொருத்த முனைந்தபோது, மூலக் கோப்பைத் தனியே சேமிக்காததால் காலையிலிருந்து செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.