வீர் சக்ராவுக்கு ஒரு கண்ணாடிச் சட்டம்

1971 போரில் கிழக்கு முனையில் காட்டிய துணிவுக்காக என் தந்தைக்கு வழங்கப்பட்ட வீர் சக்ரா (பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் இருக்கும் போர்க்கால விருது), இத்தனை ஆண்டுகளும் தகரப் பெட்டிக்குள் பழைய சீருடைத் துணியில் சுற்றப்பட்டே கிடந்தது. அதனையும், அதே போரில் பணியாற்றியதற்காகக் கிடைத்த பூர்வி ஸ்டார், சங்ராம் மெடல் ஆகியவற்றையும் ஒரே சட்டத்துக்குள் அமைத்துத் தருமாறு, படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை ஒன்றில் கொடுத்தேன். கடையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

மரவேலையில் குறை சொல்ல இடமில்லை. தேக்குச் சட்டத்தின் மூலைகளில் இணைப்பே தெரியவில்லை. பதக்கங்கள் கண்ணாடியில் உரசாத அளவுக்கு ஆழம் விட்டிருந்தார்கள். பாராட்டுரையின் மூலத்தாள் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்று சொல்லி, நகலையே கீழே பொருத்தியதும் நல்ல யோசனை. தோளில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் பதுங்குகுழி வரை ஊர்ந்து சென்று கையெறிகுண்டு வீசினார் என்கிறது அந்தத் தாள். வீட்டில் அவர் சொன்னதெல்லாம் அன்றிரவின் சேற்றைப் பற்றி மட்டும்தான்.

சட்டத்தை அவர் கையில் கொடுத்தபோது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஆரஞ்சு தோள் பக்கம் வரணும்பா" என்றார். வீர் சக்ராவின் ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி கலந்த ஆரஞ்சு. மார்பில் அணியும்போது ஆரஞ்சுப் பாதி இடது தோளை ஒட்டி இருக்க வேண்டும். கடையில் அதைத் திருப்பித் தைத்திருந்தார்கள். அணிவகுப்பில் உயர்ந்த பதக்கம் மார்பின் நடுப்பக்கமாக, அதாவது பார்ப்பவருக்கு இடது ஓரத்தில் முதலாவதாக வரும். இவர்களோ எடுப்பாக இருக்கட்டும் என்று அதை மூன்றுக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். "நடுவில வைக்க இதென்ன சாமி படமா?" என்று கேட்டார் அப்பா. ரிப்பன்களை ஒட்டாமல் தைத்திருந்ததால், மறுநாள் கடையிலேயே அரை மணி நேரத்தில், கூலி எதுவும் வாங்காமல் இரண்டையும் சரிசெய்து கொடுத்தார்கள்.

சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. வீர் சக்ரா வெள்ளியால் ஆனது, நடுவிலுள்ள அரசுச் சின்னத்துக்கு மட்டும் பொன்முலாம். வெள்ளி கறுப்பது இயல்பு, அப்படியே விட்டிருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். இப்போது சிங்கங்களின் பிடரி ஓரத்தில் முலாம் போய் வெள்ளி தெரிகிறது. சட்டம் போடப் பதக்கத்தைக் கடையில் கொடுக்க நினைப்பவர்கள், தேய்க்கக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அணிந்திருக்கும் பழைய புகைப்படம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். முலாம் போகாமல் இருந்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.