அரோராவாட்ச் யூகே: கம்மியா பேசுற சர்வீஸ், அதனாலயே நம்பலாம்

நியூகாசில் சுத்துவட்டாரத்துல இருக்குற நம்மாளுங்க குரூப்ல செப்டம்பர் பொறந்தா போதும், "அரோரா பாக்க எந்த ஆப் போடணும்"னு ஆரம்பிச்சிடுறாங்க (அரோரான்னா ராத்திரி வானத்துல பச்சையா, சிவப்பா ஆடுற அந்த துருவ வெளிச்சம்). ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதனால மொத்தமா ஒரே ரிவ்யூவா எழுதிடுறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே தள்ளிவிட்டுடலாம்.

என்னோட ஓட்டு அரோராவாட்ச் யூகேக்குத்தான். லான்காஸ்டர் யுனிவர்சிட்டி பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல விண்வெளி பத்தி ஆராய்ச்சி பண்றவங்க 2000-லேர்ந்து ஓட்டுற இலவச சர்வீஸ். வெப்சைட் இருக்கு, அலர்ட் வரும், அவ்வளவுதான். பாக்க ஒண்ணும் பளபளன்னு இருக்காது, முதல் தடவை திறந்தப்போ இது என்னடா காலேஜ் புராஜெக்ட் மாதிரி இருக்குன்னுதான் எனக்கும் தோணுச்சு.

இவங்க செய்யறது ரொம்ப சிம்பிளான விஷயம். பூமியோட காந்தப்புலத்த மேக்னடோமீட்டர் வச்சு அளந்துகிட்டே இருக்காங்க. பிரிட்டன்ல அந்தப் புலம் சுமாரா 50,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்த அளக்குற அலகு) இருக்கும். சூரியன்லேர்ந்து வர்ற காத்து பூமியோட காந்தக் கவசத்துல மோதி கலாட்டா பண்ணும்போது, வானத்துல 100 கிலோமீட்டருக்கு மேல பெரிய பெரிய மின்னோட்டம் ஓடும், அதனால கீழ தரையில இருக்குற கருவியில அந்த நம்பர் ஆடும். ஆட்டம் 50 நானோடெஸ்லாவுக்குள்ள இருந்தா பச்சை, 50 தாண்டுனா மஞ்சள், 100 தாண்டுனா ஆம்பர் (ஆரஞ்சு மாதிரி), 200 தாண்டுனா சிவப்பு. யோசிச்சுப் பாருங்க, 50,000-ல வெறும் 50, ஆயிரத்துல ஒரு பங்கு ஆடுனதையே புடிச்சிடுறாங்க. மஞ்சள்னா ஸ்காட்லாந்துல இருக்குறவங்க வெளிய எட்டிப் பாக்கலாம், ஆம்பர்னா நம்ம வட இங்கிலாந்துலயும் கண்ணுக்கே தெரிய வாய்ப்பு இருக்கு, சிவப்புன்னா பிரிட்டன்ல எங்க இருந்தாலும் தெரிய வாய்ப்பு இருக்கு. பேஜ்ல கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒரு பார் வரிசையா நிக்கும், அந்தந்த கலர்ல. பச்சை குட்டை குட்டையா போய்கிட்டே இருக்கும்போது திடீர்னு ஒண்ணு மஞ்சள் கோட்ட தாண்டும், அடுத்தது ஆம்பரத் தொடும், அப்ப எந்திரிச்சு ஜாக்கெட்ட தேடணும்.

இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, இவங்க ஜோசியம் சொல்றதில்ல. நாளைக்கு தெரியும், வெள்ளிக்கிழமை தெரியும்னு ஒரு வார்த்தை கிடையாது. இப்ப ஆடுது, இவ்வளவு ஆடுது, முடிஞ்சுது. நிறைய பேர் இதத்தான் குறையா சொல்றாங்க, "ஃபோர்காஸ்ட் இல்லாத ஆப் எதுக்கு ப்ரோ"ன்னு. எனக்கு இதுதான் பெரிய ப்ளஸ்.

ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. சூரியன்ல வெடிப்பு நடந்து பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் ஏறுன வாயு, மேகமா கிளம்புனா அத சாட்டிலைட் கேமராவுல பாத்துடலாம், பூமிக்கு வர சாதாரணமா ஒண்ணுலேர்ந்து மூணு நாள் ஆகும், எப்ப வந்து சேரும்னு ஓரளவு கணக்கும் போடலாம். ஆனா அந்த மேகம் தனக்குள்ள ஒரு காந்தப்புலத்தயும் தூக்கிட்டு வருது பாருங்க, அது வடக்கு பாத்து இருக்கா தெற்கு பாத்து இருக்கா, அதுலதான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கு. தெற்கு பாத்து இருந்தா பூமியோட புலத்தோட கோத்துக்கிட்டு கதவ தொறந்து விட்ட மாதிரி சக்தி உள்ள கொட்டும், வடக்கு பாத்து இருந்தா எவ்வளவு பெரிய மேகமா இருந்தாலும் பெருசா ஒண்ணும் நடக்காம போயிடலாம். இந்த தெற்கு வடக்கு நம்பரத்தான் பிஇசட்னு சொல்றாங்க, மைனஸ்ல போனா நமக்கு கொண்டாட்டம். அத முன்கூட்டியே நம்பகமா அளக்குற இடம் பூமிலேர்ந்து சூரியன் பக்கமா சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்குற எல்1 புள்ளிதான், அங்க இத அளக்குற சாட்டிலைட்டுங்க நிக்குது. அங்கேர்ந்து நம்மகிட்ட வர்றதுக்கு கால் மணி நேரத்துலேர்ந்து ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கைல கிடைக்கிற டைம். இதுக்கு மேல ஒருத்தன் மூணு நாளைக்கு முன்னாடியே "உங்க தெருவுல ராத்திரி பத்தரைக்கு அரோரா"ன்னு சொன்னா அவன் காசுக்குத்தான் சொல்றான்.

அப்படி ஒரு ஆப்புக்கு நானும் காசு கட்டுனேன், பேர் வேணாம். கருப்பு பேக்ரவுண்டு, பச்சையா அலை அலையா ஓடுற அனிமேஷன், லொகேஷன் கேட்டுச்சு, கொடுத்தேன். "உங்க இடத்துல இன்னைக்கு 80 சதவீதம் வாய்ப்பு"ன்னு மத்தியானம் சாப்பிடுற நேரத்துல நோட்டிஃபிகேஷன். வானம் பூரா மேகம், வெளிய தூறல், எதோட 80 சதவீதம்னு அதுக்கே வெளிச்சம். அந்த நம்பர் எங்கேர்ந்து வருது, எப்படி கணக்கு போட்டாங்கன்னு ஆப் முழுக்க தேடியும் ஒரு வரி விளக்கம் கிடையாது. கேபி 7, கேபி 8னு சிவப்பு எழுத்துல கத்திக்கிட்டே இருக்கும். கேபின்றது உலகம் முழுக்க பல ஸ்டேஷன்ல அளந்து மூணு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு போடுற 0-லேர்ந்து 9 வரைக்குமான குறியீடு, அத வச்சு உங்க வீட்டு மாடில இந்த நிமிஷம் என்ன தெரியும்னு சொல்லவே முடியாது. சப்ஸ்கிரிப்ஷன கேன்சல் பண்ண மெனு மெனுவா தேட வேண்டியிருந்தது தனிக் கதை.

சரி அரோராவாட்ச் நிஜமா வேலை செஞ்ச ராத்திரின்னா 2024 மே 10, வெள்ளிக்கிழமை. சூரியன்ல 13664னு நம்பர் கொடுத்த ஒரு கரும்புள்ளிக் கூட்டம் வரிசையா வெடிச்சு மேகம் மேகமா அனுப்பி வச்சுது, 2003 அக்டோபருக்கு அப்புறம் முதல் தடவையா ஜி5, அதாவது ஸ்கேல்லயே உச்சபட்ச புயல். அன்னைக்கு அலர்ட் சிவப்பு ஆயிடுச்சு. மே மாசம் இங்க பதினோரு மணி ஆனாதான் ஒழுங்கா இருட்டும், விட்லி பே பக்கம் செயின்ட் மேரீஸ் லைட்ஹவுஸுக்கு போனா கார் நிறுத்த இடமில்ல, பாதி ஊரே பைஜாமாவோட நிக்குது. வழக்கமா இங்க வடக்கு பக்கம் கடலுக்கு மேல ஓரமா சாம்பல் கலர்ல ஒரு பட்டை தெரியும், மேகமா அரோராவான்னு போன்ல மூணு செகண்டு எக்ஸ்போஷர் வச்சு எடுத்துப் பாத்தாதான் பச்சை தெரியும் (இருட்டுல நம்ம கண்ணுக்கு கலர் சரியா தெரியாது, இன்ஸ்டால வர்ற போட்டோவ நம்பி வந்து ஏமாந்தவங்க நிறைய). அன்னைக்கு அந்தக் கதையே இல்ல. நேர் உச்சந்தலைக்கு மேலேர்ந்து நாலா பக்கமும் கோடு கோடா இறங்குது, ரோஸ் கலர் வெறும் கண்ணுக்கே தெரியுது, பக்கத்துல நின்ன வயசான வெள்ளைக்காரம்மா என் கைய புடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

அந்த சிவப்பு ஏன்னு நிறைய பேர் கேட்டாங்க. பச்சையும் சிவப்பும் ரெண்டுமே ஆக்ஸிஜன் அணு விடுற வெளிச்சம்தான். பச்சை 100-லேர்ந்து 150 கிலோமீட்டர் உயரத்துல வரும், ஒரு செகண்டுக்குள்ள வேலை முடிஞ்சிடும். சிவப்பு வெளிச்சம் விட அந்த அணுவுக்கு ரெண்டு நிமிஷம் கிட்ட ஆகும், அதுக்குள்ள வேற எதுலயாவது இடிச்சா சக்தி போயிடும், அதனால காத்தே கிட்டத்தட்ட இல்லாத 200 கிலோமீட்டருக்கு மேலதான் சிவப்பு. தூரத்துல இருக்குறவனுக்கு பூமியோட வளைவு கீழ்ப்பக்கத்து பச்சைய மறைச்சிடும், உச்சில இருக்குற சிவப்பு மட்டும் தெரியும். அதே ராத்திரி லடாக்ல ஹன்லே அப்சர்வேட்டரி கேமராவுல அடிவானத்துல செக்கச்செவேல்னு பதிவாச்சே, அதுலயும் பச்சையக் காணோம், சிவப்புதான்.

இப்ப எனக்கு இவங்கள ரொம்ப புடிச்ச சம்பவம். 2016 ஆகஸ்ட்ல திடீர்னு ஒரு சிவப்பு அலர்ட் போச்சு. அவ்வளவு பேருக்கும் மெசேஜ். ஆனா சூரியன் பக்கம் ஒண்ணுமே நடக்கல. என்னன்னு பாத்தா யுனிவர்சிட்டி ஆளு ஒருத்தர் உக்காந்து ஓட்டுற புல்லு வெட்டுற மெஷின மேக்னடோமீட்டர் பக்கத்துல ஓட்டிட்டு போயிருக்கார். அவ்வளவு இரும்பு பக்கத்துல போனா கருவி ஆடத்தானே செய்யும்! இவங்க என்ன பண்ணாங்கன்னா அலர்ட்ட வாபஸ் வாங்கிட்டு, புல்லு வெட்டுனதாலதான் இப்படி ஆச்சுன்னு நினைக்கிறோம், இனிமே நடக்காம பாத்துக்குறோம்னு அப்படியே போட்டுட்டாங்க. உலகம் பூரா பேப்பர்ல சிரிச்சாங்க. ஆனா அத படிச்ச அத்தனை பேருக்கும் மேக்னடோமீட்டர்னா என்ன, ஏன் ஒரே ஒரு கருவிய நம்பக்கூடாதுன்னு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு, எந்த அறிவியல் வகுப்பும் அவ்வளவு வேகமா புரிய வச்சிருக்காது.

நம்ம ஊர்ப் பக்கம் இதே விஷயம் எப்படி பரவுதுன்னு உங்களுக்கு தெரியும். "இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள், செல்போனை அணைத்து தள்ளி வைக்கவும், நாசா அறிவிப்பு, பத்து பேருக்கு அனுப்பவும்". வருஷா வருஷம் தீபாவளி மாதிரி தவறாம வந்துடும், எங்க பெரியம்மா இன்னும் போன அரிசி டப்பாவுக்குள்ள வச்சுட்டுதான் தூங்குறாங்க. நிஜ சூரியப் புயல் உங்க கைல இருக்குற போன ஒண்ணும் பண்ணாது. 1989 மார்ச்ல கனடா கியூபெக்ல கரண்ட் கிரிட்ட சாய்ச்சு 60 லட்சம் பேர இருட்டுல உக்கார வச்சுது, 2022 பிப்ரவரியில சின்ன புயல் ஒண்ணு மேல் காத்த கொஞ்சம் உப்ப வச்சதுல புதுசா ஏவுன 49 ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுல 38 கீழ விழுந்து போச்சு, 2024 மே புயல்ல அமெரிக்காவுல விதைக்கிற டிராக்டரோட ஜிபிஎஸ் தடுமாறுச்சு. இவ்வளவு சுவாரசியமான நிஜம் இருக்கும்போது எதுக்கு அரிசி டப்பா?

குறையும் சொல்லணும்ல. நடந்துகிட்டு இருக்குறததான் சொல்றாங்கன்றதால மெசேஜ் பாத்து கார் எடுத்து போறதுக்குள்ள அந்த அலை அடங்கியிருக்கலாம், திரும்ப ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வரும், வராமலும் போகும். பகல்லயும் அலர்ட் வரும், காந்தப்புலத்துக்கு பகல் ராத்திரி தெரியாதே. மேகத்த நீங்கதான் தனியா பாத்துக்கணும். அதனால நான் இத தனியா வச்சுக்கல, அமெரிக்காவுல போல்டர்ல இருக்குற நோவா விண்வெளி வானிலை மையத்தோட பேஜும் கூடவே திறந்திருக்கும். அங்க அரை மணியிலேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் அரோரா வளையம் (துருவத்த சுத்தி அரோரா தெரியுற பகுதி) எங்க இருக்கும்னு மேப் வரும், பிஇசட் நேரடியா ஓடும், எல்லாமே இலவசம். எழுத்து மட்டும் துறை ஆளுங்களுக்காக எழுதுனது, டைமும் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கும், பழகிக்கணும். பிஇசட் மைனஸ் 10-க்கு கீழ இறங்கி அங்கயே நின்னுச்சுன்னா டீ போட்டு ஃபிளாஸ்க்ல ஊத்துங்க, அரோராவாட்ச் ஆம்பர் ஆனதும் கிளம்புங்க. ஜூன், ஜூலைல ரெண்டையும் மூடி வச்சிடலாம், இங்க வானம் ஒழுங்கா இருட்டவே இருட்டாது.

சித்தப்பா பையன் பாளையங்கோட்டையிலேர்ந்து கேட்டான், "அண்ணே இத இங்க போட்டா வேலை செய்யுமா"ன்னு. செய்யாதுடா தம்பி, நீ இருக்குறது காந்த நடுக்கோட்டுக்கு பக்கத்துல, அரோராவுக்கு அதவிட தூரமான இடம் கிடையாது. ஆனா அதே காரணத்துக்காகத்தான் உங்க ஊர் கிருஷ்ணாபுரத்துல இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடமே வச்சிருக்கு, நடுக்கோட்டுக்கு மேல பகல்ல ஓடுற மின்னோட்டத்த அங்க உக்காந்து பாக்குறாங்க. அவங்க டேட்டாவ யாராவது இந்த மாதிரி நாலு கலர்ல, தமிழ்ல, தினமும் போட்டா முதல் ஆளா நான் சப்ஸ்கிரைப் பண்ணுவேன்.

அஞ்சுக்கு நாலரை. லீவுக்கு நார்வேல இருக்குற ட்ரோம்சோ புக் பண்ணியிருக்கவங்க மட்டும் இத போட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, அந்த ஊர் வளையத்துக்கு நேர் கீழ இருக்கு, கேபி 1, 2-லயே அங்க தெரியும், கேபி பத்தின கவலையே வேணாம். நார்வே வானிலைக்காரங்க மேகம் மேப் போடுவாங்க, அதுல ஓட்டை எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்து அந்தப் பக்கம் பஸ் புடிங்க.