யூயிங் சார்கோமா: ஊருக்குப் போகும்போது எடுத்து வர வேண்டிய ரெக்கார்டுகள்

சிறு வயதில் சென்னையில் யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்க்குக் கீமோவும் ரேடியேஷனும் எடுத்துக்கொண்டு, இப்போது லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்கள் ஊருக்குப் போனால் முதலில் பழைய ரெக்கார்டைக் கையில் வாங்கிவிட வேண்டும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்தான டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் எந்த டாக்டராலும் சரியாகக் கண்காணிக்க முடியாது.

மருத்துவமனையின் எம்.ஆர்.டி. (பழைய ரெக்கார்டுகளை வைத்திருக்கும்) பிரிவில் பழைய ஓ.பி. எண்ணும் அடையாள அட்டையும் கேட்பார்கள். வேறொருவர் போனால் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. ஆனால் அதே விதிப்படி உள்நோயாளி ரெக்கார்டை 3 ஆண்டு வைத்திருந்தாலே போதும். அதனால் டிக்கெட் போடும்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான் உடனே நீட்டுவார்கள். "கீமோ 5 சுற்று முடிந்தது" என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. கீமோ சார்ட்டைக் கேளுங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை மி.கி., அன்றைய உயரம், எடை. உயரத்தை (செ.மீ.) எடையால் (கிலோ) பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும்; மருந்தின் அளவை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 0.8 சதுர மீட்டர் உள்ள குழந்தைக்கு டாக்ஸோரூபிசின் 60 மி.கி. என்றால் சதுர மீட்டருக்கு 75 மி.கி. ஐந்து முறைக்கு 375. 250-ஐத் தொட்டாலே இதயத்துக்கு அதிக ஆபத்து, 2 ஆண்டுக்கு ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) தேவை. விலா எலும்புக் கட்டிக்காக மார்பில் ரேடியேஷனும் விழுந்திருந்தால் கணக்கு இன்னும் கடுமை: மருந்து 100, கதிர் 15 கிரே (கதிரின் அளவு) சேர்ந்தாலே அதே அதிக ஆபத்துப் பிரிவுதான். ரேடியேஷன் சம்மரி வேறு பிரிவில் இருக்கும், தனியாகக் கேட்க வேண்டும். மொத்த கிரே, தவணைகள், கதிர் பட்ட பகுதியின் படம் மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டு கழித்து அந்த இடத்திலேயே புதுக் கட்டி வரலாம்.

ஐபாஸ்பமைடு என்ற இன்னொரு கீமோ மருந்து ஏறியவர்களுக்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் நார்மலாக இருந்தும் சிறுநீரில் பாஸ்பேட், பொட்டாசியம், பைகார்பனேட் கசியலாம். மாஸ்டர் செக்கப் பாக்கேஜை நம்ப வேண்டாம். பாஸ்பேட் அதில் பெரும்பாலும் இருக்காது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம், சிறுநீர் இரண்டையும் ஒரே வேளையில் கொடுத்து, இரண்டிலும் பாஸ்பேட், கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்து சிறுநீரில் மட்டும் சர்க்கரை தெரிந்தால் சிறுநீரக டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

சென்னை லேபில் மி.கி./டெ.லி. கணக்கில் தருவார்கள். கனடா, பிரிட்டன் அளவுக்கு மாற்ற, கிரியேட்டினினை 88.4-ஆலும் பாஸ்பேட்டை 0.323-ஆலும் பெருக்குங்கள். எக்கோ எடுத்தால் "நார்மல்" என்ற சொல்லோடு வந்துவிடாமல் இ.எஃப். எண்ணையும் (இதயம் ரத்தத்தை வெளியேற்றும் சதவீதம்) படங்கள் உள்ள சி.டி.யையும் வாங்குங்கள், அடுத்த எக்கோவோடு ஒப்பிட அவைதான் வேண்டும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே எக்கோ எடுத்துவிடுவது அவசியம்.