கோணல் காய்ப் பெட்டி: மூன்று மாத அனுபவம்

மூன்று மாதமாக வியாழக்கிழமைதோறும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வந்து உட்காருகிறது. உள்ளே ஐந்து கிலோ காய்கறி, 24 யூரோ. பெரிய கடைகள் பார்வைக்கு நன்றாக இல்லை என்று ஒதுக்கியதைத் தோட்டங்களிலிருந்து வாங்கி வீட்டுக்கு அனுப்பும் சேவை இது. ஜெர்மனியில் இப்போது இப்படிப் பல நிறுவனங்கள் இருக்கின்றன. நான் வாங்குவது எது என்று சொல்லப் போவதில்லை. குறையும் சொல்ல இருக்கிறேன், அதனால்தான்.

முதல் பெட்டியை அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். இரண்டு கால் முளைத்த கேரட், மூக்கு வைத்த உருளைக்கிழங்கு, அரிவாள் மாதிரி ஒரு வெள்ளரி. "இதுக்காடா காசு குடுத்தே? நம்ம ஊர்ல எல்லாக் கேரட்டும் இப்படித்தானே இருக்கும்?" என்றார். பதில் சொல்ல வரவில்லை.

எனக்கு இந்தப் பெட்டி மேல் ஆசை வந்ததற்குக் காரணம் வேறு. 2007-ல் நெதர்லாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமைகளில் ஒரு வெள்ளரிக்காய் பேக்கிங் கூடத்தில் வேலை பார்த்தேன். பெல்ட்டில் காய் வரும். நேரானது ஒரு பக்கம், கோணல் ஒரு பக்கம். கோணலுக்கு அங்கே 'க்ரோம்' என்பார்கள். சந்தேகம் வந்தால் காயை மேசையில் படுக்கவைத்து, வளைவின் உயரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டர் வளைவு வரைக்கும் முதல் தரம், 20 மில்லிமீட்டர் வரைக்கும் இரண்டாம் தரம். 1988-ல் வந்த ஐரோப்பிய விதி அது, எண் 1677/88. முதல் வாரம் ஸ்கேலைத் தேடுவேன். இரண்டாம் மாதம் கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும்.

ஐரோப்பாவில் வளைந்த வெள்ளரியை விற்கவே தடை இருந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தடை இல்லை. மிகவும் வளைந்ததை இரண்டாம் தரம் என்று எழுதித் தனியாகப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் தரத்தை யார் வாங்குவார்? நேராக இருந்தால் ஒரு பெட்டிக்குள் இத்தனை காய் என்று எண்ணாமலே சொல்லிவிடலாம், லாரியில் இடமும் வீணாகாது. வியாபாரிகளுக்கு அந்த விதி பிடித்திருந்ததற்குக் காரணம் இதுதான். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

நான் அங்கிருந்து கிளம்பிய பிறகுதான் விதி போனது. 2008 நவம்பரில் முடிவெடுத்து, 2009 ஜூலை 1 முதல் காய்கறி, பழங்களுக்கான 36 தரநிலைகளில் 26-ஐ ஐரோப்பிய ஆணையம் தூக்கிவிட்டது. மரியான் ஃபிஷர் போல் அப்போது வேளாண் ஆணையர். வெள்ளரி, கேரட், கத்தரிக்காய், வெங்காயம், பூண்டு, முட்டைகோஸ், காலிஃபிளவர் எல்லாம் விடுதலை. தக்காளி, குடைமிளகாய், ஆப்பிள், ஸ்ட்ராபெரி உட்படப் பத்துக்கு மட்டும் விதி அப்படியே இருந்தது. எண்ணிக்கையில் பத்துதான், ஆனால் வணிக மதிப்பில் முக்கால்வாசி அந்தப் பத்தில்தான். செய்தி படித்த அன்று, இனிமேல் கடையில் வளைந்த வெள்ளரி குவியும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ கடை ஏறி இறங்கிவிட்டேன், எல்லா இடத்திலும் ஸ்கேல் மாதிரி வெள்ளரிதான். அரசாங்கம் விதியை எடுத்தது, கடைக்காரர்கள் அதையே தங்கள் கொள்முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டார்கள்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

கேரட்டுக்குக் குறையே சொல்ல முடியாது. வளரும்போது வேர் நுனி கல்லில் முட்டினால் இரண்டாகப் பிரியும், அதுதான் அந்தக் கால்கள். இனிப்பு, கடித்தால் நொறுங்குகிறது. தொல்லை தோல் சீவுவதில்தான். கவட்டைக்குள் சீவி நுழையாது, அங்கே மண் ஒளிந்திருக்கும். என் மனைவி முதல் வாரமே "இதைச் சீவ நீங்கதான், நான் இல்லை" என்று சொல்லிவிட்டாள். இப்போது சீவுவதில்லை, பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்துக் கழுவுகிறேன். வெங்காயமும் பீட்ரூட்டும் பரவாயில்லை.

சுக்கினி, அதாவது வெள்ளரி மாதிரித் தெரியும் பூசணி வகைக் காய், வேண்டாம். மூன்று முறை வந்தது, மூன்றும் கை பருமன். உள்ளே விதை முற்றி, பஞ்சு மாதிரி. பழைய தரநிலையில் சுக்கினிக்கு எடை வரம்பு இருந்தது. பேக்கிங் கூடத்தில் அதையெல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன், இந்த ஒன்றை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது ஐந்தாவது பெட்டியில். அடியில் இரண்டு கத்தரிக்காய். மேலே பார்த்தால் பளபளப்பு, திருப்பினால் விரல் உள்ளே போகிறது. காலிஃபிளவரில் கறுப்புப் புள்ளிகள், ஒரு வாடை. புகைப்படம் எடுத்து அனுப்பினேன். "எங்கள் காய்கள் இயற்கையானவை, சற்று வித்தியாசமாகத்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. கோணல் வேறு, அழுகல் வேறு என்று திருப்பி எழுதினேன். 26 தரநிலைகள் போனாலும் பொது விதி ஒன்று போகவில்லை: காய் முழுசாக, அழுகாமல், சுத்தமாக, பூச்சியில்லாமல் இருக்க வேண்டும், எந்த நாட்டில் விளைந்தது என்று சொல்ல வேண்டும். இவர்கள் பெட்டியில் நாட்டின் பெயரும் இல்லை. அதையும் சேர்த்துக் கேட்டேன். நான்கு நாளில் ஆறு யூரோ திரும்பி வந்தது, அடுத்த வாரத்திலிருந்து பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டும் வருகிறது. அதில் பாதிக் காய்க்கு ஸ்பெயின் என்று போட்டிருந்தது. 'உங்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து' என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைப் போன வாரம்தான் கவனித்தேன்.

அப்புறம் அந்த அரிவாள் வெள்ளரி. அம்மாவிடம் காட்டினேனே, அதேதான். அன்று ராத்திரி பழைய பழக்கத்தில் பையனின் ஸ்கேலை எடுத்து மேசையில் வைத்து அளந்தேன். நீளம் 31 சென்டிமீட்டர். வளைவு 2.8. இரண்டு முறை அளந்தேன், அதே 2.8. பழைய கணக்கில் 3.1 வரைக்கும் முதல் தரம். 2007-ல் பெல்ட்டில் வந்திருந்தால் நேரான பக்கம் தள்ளியிருப்பேன். அரசாங்கம் முதல் தரம் என்று சொல்லியிருக்கும் காயைத்தான் இன்று கடைகள் கோணல் என்று ஒதுக்குகின்றன, அதைத்தான் நான் தனியாகச் சந்தா கட்டி வாங்குகிறேன்.

சந்தாவை நிறுத்தவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டேன், விருப்பப் பட்டியலில் சுக்கினியை நீக்கினேன். வாங்க நினைப்பவர்கள் பெட்டி வந்ததும் அடியில் இருப்பதை முதலில் எடுத்துப் பாருங்கள். குறை இருந்தால் அன்றே படம் எடுத்து அனுப்புங்கள், மறுநாள் சொன்னால் ஏற்க மாட்டார்கள்.